அருங்காட்சியகமும் பொதுமக்களும்: திருச்சிராப்பள்ளி மங்கம்மாள் மாளிகையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் செவ்வேளைப் பாடுவது, நப்பண்ணனார் இயற்றியது. திருப்பரங்குன்றத்திற்கு வந்த மக்கள் ஆங்குள்ள ஓவிய மண்டபத்தைக் கண்டு மகிழ்ந்த செய்தி அப்பாடலில் விரித்துரைக்கப்படுகின்றது. வரையப்பட்ட உருவங்களின் முன் நின்று, இவர் யாவர் என ஒரு சாரார் வினவுகின்றனர். அறிந்தோர் இவன் காமன், இவள் இரதி என விடை பகர்கின்றனர். வேறு சிலர் அகலிகை கல்லுருக் கொண்ட கதையை ஓவியத்தைச் சுட்டிச் சொல்லிக்கொண்டிருக்கின்றனர்.

சங்ககாலத்தில் ஓவியக்கலை சிறந்திருந்தது என்பதற்குச் சான்றாக இப்பகுதியை நம் ஆசிரியர் பலரும் எடுத்தாண்டுள்ளனர். அது பொருத்தமே. எனினும் இப்பகுதியுள் பிறிதொரு செய்தியும் அமைந்துள்ளது. அம்மண்டபத்தில் ஓவியம் மட்டும் இல்லை, வினவுவோரும் உளர், விளக்குவோரும் உளர். காட்சிப்பொருள், வினவுவோர், விளக்குவோர் ஆகிய மூன்றும் ஒருங்கு கூடிய இடமாகவே புலவர் அதனைக் காட்டுகின்றார். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் காட்சிக்கூடம் வெறும் பண்டகசாலையாகிவிடும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

திருச்சிராப்பள்ளியில் அரசு அருங்காட்சியகம் 1983-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 1997-ஆம் ஆண்டில் மலைக்கோட்டையை அடுத்துள்ள இராணி மங்கம்மாள் மாளிகையில் இடம்பெற்றது. மக்கள் நெருக்கத்திற்கு இடையே அமைந்த இக்கூடத்திற்குள் அம்மக்களை அழைத்து வருவது எங்ஙனம் என்னும் வினா அடிக்கடி எழுப்பப்படுகின்றது. இதனை நிருவாகத்தார் வினா எனத் தமிழாய்வாளர் ஒதுக்கிவிடுதல் வழக்கம். அங்ஙனம் ஒதுக்குதல் தகாது என்பதனை வரலாற்று நெறியில் நின்று ஈண்டு ஆராய்வாம்.

2. சென்னை அருங்காட்சியகத்தின் தோற்றம்

தமிழகத்தில் அருங்காட்சியகம் தோன்றிய வரலாறு சென்னையில் தொடங்குகின்றது. சென்னை இலக்கியக் கழகத்தார் 1846-ஆம் ஆண்டில் இக்கருத்தை முன்வைத்தனர். அதன் பயனாக 1851-ஆம் ஆண்டில், கல்லூரிச் சாலையிலிருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டிடத்தின் மாடியில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் இருந்தவை பெரும்பாலும் கனிமங்களும் பாறைகளுமேயாம். அவை ஏறத்தாழ 1,100. எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர் அதன் முதற்பொறுப்பாளராயினார்.

அக்கல்லூரி தமிழுலகிற்குப் புதியதன்று. 1812-இல் எல்லிசு முதலியோர் முயற்சியால் நிறுவப்பெற்றது அது. ஆங்கில அலுவலர் தென்னாட்டு மொழிகளைக் கற்றதும், தாண்டவராய முதலியார் போன்ற புலவர் தமிழாசிரியராய் அமர்ந்ததும், திராவிட மொழிகள் ஓரினம் என்னும் கருத்து 1816-இல் எல்லிசால் எடுத்துரைக்கப்பட்டதும் அக்கல்லூரியின் சார்பிலேயாம். எனவே தமிழாராய்ச்சியும் அருங்காட்சியகமும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தன என்பது உணரற்பாலது. பின்னாளில் இரண்டும் வேறுவேறு வழிச் சென்றது நம் காலத்துக் குறையேயன்றி, தோற்றத்தில் அமைந்த இயல்பன்று.

இட நெருக்கடியால் அருங்காட்சியகம் 1854-இல் எழும்பூரிலுள்ள பாந்தியன் கட்டிடத்திற்கு மாற்றப்பட்டது. பாறைகளையும் கனிமங்களையும் காண எத்துணை பேர் வருவர்? பால்பர் இதனை எண்ணிப் பார்த்தார். புலி ஒன்றையும் சிறுத்தை ஒன்றையும் உயிருடன் கொணர்ந்து வளாகத்தில் வைத்தார். மக்கள் திரண்டனர். அதனைக் கண்ட பால்பர், கருநாடக நவாபிடம் இருந்த விலங்குகளையும் பெற்றுச் சேர்த்தார். ஓராண்டிற்குள் அங்கு ஒரு விலங்குக்காட்சிச்சாலையே உருவாயிற்று. அந்நவாபுகளின் முன்னோராகிய முகம்மது அலி வாலாசா அடக்கம் செய்யப்பெற்ற இடம் திருச்சிராப்பள்ளி நத்தர்வலி தர்கா ஆகும் என்பதும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

3. இருபெயர் தரும் செய்தி

விலங்குகள் 1863-இல் பீப்பிள்ஸ் பார்க் எனப்பட்ட மக்கள் பூங்காவிற்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1985-இல் வண்டலூர் அடைந்தன. அவை பிரிந்தபின் சென்னை மக்கள் இரண்டிடங்களுக்கும் இரண்டு பெயர்களை இட்டு வழங்கினர். விலங்குகள் இருந்த இடம் 'உயிர்க் காலேசு' எனவும், அருங்காட்சியகம் 'செத்த காலேசு' எனவும் பெயர் பெற்றன.

இப்பெயர்களை ஏளனமாகக் கொள்வாரும், அறியாமை எனத் தள்ளுவாரும் உளர். மொழிநூல் வல்லார் அங்ஙனம் கொள்ளலாகாது. முதலாவதாக, 'காலேசு' என்னும் சொல் அருங்காட்சியகம் பிறந்த கல்லூரிக் கட்டிடத்தின் நினைவைச் சுமந்து நிற்கின்றது. கட்டிடம் மாறியபின்னரும் பெயர் மாறவில்லை. எழுதப்படாத வரலாற்றை மக்கள் வழக்குக் காத்துவந்தது. இரண்டாவதாக, உயிருள்ளதும் உயிரற்றதும் ஆகிய இரண்டையுமே மக்கள் 'காலேசு' என்றனர். வேடிக்கை என்றோ சந்தை என்றோ அழைத்திலர். அஃதாவது, தாம் சென்ற இடம் ஏதோ ஒன்றைக் கற்பிக்க அமைந்தது என்பதனை அவர்கள் உணர்ந்தேயிருந்தனர்.

விலங்குகள் சென்றபின்னர் மக்கள் அருங்காட்சியகத்தைக் கைவிட்டனரோ எனின், அன்று. காணும் பொங்கல் நாளில் ஆண்டுதோறும் குடும்பம் குடும்பமாக மக்கள் அங்குச் செல்லுதல் சென்னை வழக்கங்களுள் ஒன்றாய் நிலைத்தது. பால்பர் கொணர்ந்த புலி மக்களை வாயிலுக்கு அழைத்து வந்தது. வந்த வழக்கம் புலி போன பின்னும் நின்றது. எனவே மக்களை ஈர்த்தற்பொருட்டுச் செய்யும் முயற்சி அறிவுக்கு இழுக்கு என்பார் கூற்று வரலாற்றொடு பொருந்துவதன்று. அதே வேளையில், ஈர்த்ததனோடு கடமை முடிந்தது எனக் கருதின், 'செத்த' என்னும் அடைமொழியே எஞ்சும் என்பதும் இப்பெயர்களால் போதருகின்றது.

4. மாவட்ட அருங்காட்சியகங்கள்

சென்னைக்கு வெளியே இத்துறையில் முற்பட்டு நின்றவற்றுள் ஒன்று புதுக்கோட்டைத் தனியரசாகும். அங்கு 1910-இல் அருங்காட்சியகம் நிறுவப்பெற்றது. 1948-இல் அத்தனியரசு இந்திய ஒன்றியத்துடன் இணைந்தபின் அது அரசின் பொறுப்பிற்கு வந்து, இன்று திருக்கோகர்ணத்தில் விளங்குகின்றது. தஞ்சை அரண்மனையில் கலைக்கூடம் 1951-இல் அமைந்தது. செப்புத் திருமேனிகளைக் காண அயல்நாட்டாரும் அங்குச் செல்கின்றனர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பெருநகராகிய திருச்சிராப்பள்ளியில் மாவட்ட அருங்காட்சியகம் 1983-இல்தான் தோன்றியது.

காலத்தாழ்வினால் விளைந்த இடர் ஒன்றுண்டு. தஞ்சைக் கலைக்கூடம் என்றவுடன் செப்புத் திருமேனிகள் நினைவிற்கு வருகின்றன. புதுக்கோட்டை என்றவுடன் அம்மாவட்டத்துத் தொல்லிடங்களும் இயற்கைப்பொருள்களும் நினைவிற்கு வருகின்றன. திருச்சிராப்பள்ளி அருங்காட்சியகத்திற்கு அத்தகைய தனியடையாளம் பொதுமக்கள் மனத்தில் இன்னும் பதியவில்லை. ஆயின் அதற்குரிய முதற்பொருள் அதன் கூரையாகவே நிற்கின்றது. அதனை அடுத்து நோக்குவாம்.

5. மாளிகையும் அதன் பெயரும்

மதுரை நாயக்க மரபினருள் 1659 முதல் 1682 வரை ஆண்டவர் சொக்கநாத நாயக்கர். அவர் தலைநகரை மதுரையினின்றும் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். அரசவை கூடுதற்கு அவர் கட்டிய கொலுமண்டபமே இம்மாளிகை. ஆயினும் மக்கள் அதனைச் சொக்கநாதர் மாளிகை என்று வழங்குவதில்லை. அவர்தம் தேவியாகிய மங்கம்மாள், பேரன் விசயரங்க சொக்கநாதன் இளையோனாய் இருந்தமையால், 1689 முதல் 1706 வரை ஆட்சிப்பொறுப்பேற்று நடத்தினார். சாலையும் சத்திரமும் அமைத்தவர் என மக்கள் அவரைப் போற்றினர். தென்மாவட்டங்களில் இன்றும் மங்கம்மாள் சாலை என்னும் பெயர் வழங்குகின்றது. இடக்கையால் தாம்பூலம் தரித்த பிழைக்குக் கழுவாயாக அவர் அறங்கள் செய்தார் என்னும் கதை நாடறிந்தது. நா. பார்த்தசாரதி அவர் பெயராலேயே புதினம் எழுதினார்.

கணவர் கட்டிய மண்டபத்திற்கு மனைவியின் பெயர் அமைந்த இந்நிகழ்ச்சி, வரலாற்றாசிரியர்க்குத் திருத்தற்குரிய பிழையாகத் தோன்றலாம். மக்கள் மனம் எவரை நினைவிற் கொள்கின்றது, எக்காரணத்தாற் கொள்கின்றது என்பதற்கு அது சான்றும் ஆகும். வாயிலிலேயே இவ்வினாவை எழுப்பி, இம்மாளிகையைக் கட்டியவர் யார், இதற்கு ஏன் இப்பெயர் என விளக்கினால், உள்ளே நுழைவோர் வரலாற்றுச் சான்றுக்கும் செவிவழிச் செய்திக்கும் உள்ள வேறுபாட்டை முதற்படியிலேயே உணர்வர். பெயரை மாற்றுதலும் வேண்டா. பிழையை மறைத்தலும் வேண்டா. மக்கள் அறிந்த பெயர் அவர்களை அழைக்கும். அறியாத செய்தி அவர்களை நிறுத்தி வைக்கும்.

6. கூட்டமும் காட்சியும்

பாலக்கரையினின்றும் காந்தி சந்தை வழியாகப் பெரிய கடைவீதியை அடைந்து மலைக்கோட்டை செல்வோர் நாள்தோறும் எண்ணிறந்தோர். புதன்கிழமைகளில் பாலக்கரைச் சகாய மாதா கோயிலுக்கு வருவோரும், உச்சிப்பிள்ளையாரைக் காணப் படியேறுவோரும், நத்தர்வலி தர்காவிற்குச் செல்வோரும், துணியும் நகையும் வாங்க வருவோரும் மங்கம்மாள் மாளிகைக்கு நெடுந்தொலைவில் இல்லை. ஆற்றைக் கடந்தால் திருவரங்கம். வைகுந்த ஏகாதசியில் ஆங்குக் கூடுவோர் இலக்கக்கணக்கினர். எனவே திருச்சிராப்பள்ளியில் மக்கட்கூட்டம் இல்லை என்றோ, நம் மக்கள் பழம்பொருளை விரும்புவதில்லை என்றோ கூறவியலாது.

கோயிலுக்குச் செல்வோன் பழமையைக் காணச் செல்வதில்லை, வழிபடச் செல்கின்றான். ஆங்கு எந்தத் திருமேனியின்முன் என்ன செய்யவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அதே திருமேனி அருங்காட்சியகத்தில் நிற்கும்போது என்ன செய்வது என்பது தெரிவதில்லை. கூடத்தில் நிற்கும் திருமேனிமுன் கைகூப்பி நகரும் முதியோரை நாம் காண்கின்றோம். அது குற்றமன்று; வேறொன்றும் செய்தற்கு யாரும் அவர்க்குச் சொல்லவில்லை என்பதே அதன் பொருள்.

பல அருங்காட்சியகங்களில் சிற்பத்தின் அருகே காணப்படும் குறிப்பு, பெயர், நூற்றாண்டு, கிடைத்த ஊர் என்னும் மூன்றோடு நின்றுவிடுகின்றது. பதிவேட்டிற்கு அது போதும், வினவுவோனுக்குப் போதாது. எடுத்துக்காட்டு ஒன்று கூறுவாம். சோழநாட்டுப் பழங்கோயில்களிலும் அருங்காட்சியகங்களிலும் சேட்டையின் கற்றிருமேனிகள் காணப்படுகின்றன. காக்கைக்கொடியும், காளைமுக மைந்தனும், அருகே மகளும் உடைய அவ்வுருவம் ஒரு காலத்தில் செல்வம் வேண்டி வணங்கப்பெற்றது. பின்னர் மூதேவி எனப் பழிக்கப்பட்டு ஒதுக்கப்பட்டது. திருவரங்கத்தில் வாழ்ந்த தொண்டரடிப்பொடியாழ்வார், சேட்டையிடம் செல்வம் எதிர்பார்ப்போரைத் திருமாலையில் இடித்துரைக்கின்றார். அவ்வாழ்வார் கண்டித்தமையாலேயே அவ்வழிபாடு அக்காலத்தில் வழக்கிலிருந்தமை தெளியப்படும். இச்செய்தியை நான்கு வரியில் அத்திருமேனியின் அருகே எழுதிவைத்தால், நாள்தோறும் 'மூதேவி' என்னும் சொல்லைக் கேட்கும் ஒருவர் அக்கல்லின்முன் நில்லாது போவரோ? அந்நான்கு வரியை எழுதவல்லார் தமிழ்த்துறையினரேயன்றிப் பிறர் அல்லர்.

மற்றொன்று: அரியலூர்ப் பகுதியின் சுண்ணப்பாறைகளில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன. அதனை அடுத்த சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்லான மரம் ஒன்றை 1940-இல் மண்ணியல் அறிஞர் எம். எசு. கிருட்டிணன் கண்டறிந்தார். இவற்றைக் காணும் மாணவன், இறையனார் களவியல் உரை கூறும் கடல்கோள் இதுதானோ என வினவுவான். இல்லை, இவை மாந்தர் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முற்பட்டவை எனக் கூறி, இரு காலங்களையும் பிரித்துணர்த்த வேண்டும். அவ்வினாவிற்கு விடையளிக்க மண்ணியல் வல்லார் ஒருவரும் தமிழ் வல்லார் ஒருவரும் சேர்ந்து நிற்றல் வேண்டும்.

7. கீழடி உணர்த்துவது

விளம்பரமே மக்களைக் கொணரும் என்பார், 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திறக்கப்பெற்ற கீழடி அருங்காட்சியகத்தைச் சான்றாகக் காட்டுவர். 18 கோடி உரூபாய்க்கு மேற்பட்ட செலவில், செட்டிநாட்டு மனையமைப்பில் எழுந்த அக்கூடத்திற்கு மக்கள் திரளாகச் சென்றனர் என்பது உண்மை. ஆயின் கட்டிடம் எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே கீழடி மக்கள் நாவில் இருந்தது. 2014-15-இல் அகழாய்வு தொடங்கியது முதல், தமிழர் நகரவாழ்வு எத்துணைப் பழமையது, எழுத்தறிவு எக்காலத்தது என்னும் வினாக்கள் செய்தித்தாள்களிலும் வகுப்பறைகளிலும் வழக்குமன்றத்திலும் எழுந்தன. மக்கள் வினாவோடு சென்றனர். விடை தேடிக் கண்ணாடிப் பேழைமுன் குனிந்தனர். வினா முன்னும் கட்டிடம் பின்னுமாக அமைந்தமையே அதன் சிறப்பு.

திருச்சிராப்பள்ளிக்கும் அத்தகைய வினாக்கள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1965 முதல் 1969 வரை உறையூரில் அகழாய்வு செய்தனர். தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் சாயத்தொட்டியும் ஆங்கு வெளிப்பட்டன. செங்கடற் செலவு பற்றிய கிரேக்க நூல் குறிக்கும் அர்கரு என்னும் ஊரின் மெல்லிய துகிலை உறையூரோடு பொருத்துவர் அறிஞர். உறையூர்க் கைத்தறிச் சேலையைத் திருச்சிராப்பள்ளிப் பெண்டிர் நன்கறிவர். ஈராயிரம் ஆண்டு முன்னைச் சாயத்தொட்டியின் படத்தினருகே ஒரு தறியையும், அதனை இயக்கவல்ல நெசவாளர் ஒருவரையும் ஒரு நாளேனும் அமர்த்தினால், அதுவே பால்பரின் புலிக்கு நிகராகும். அதனினும் மேலாம் என்றும் கூறலாம். புலி கனிமத்தை விளக்கவில்லை. தறியோ சாயத்தொட்டியை விளக்கும்.

சுருட்டுத் தொழிலும், செயற்கை வைரம் பட்டைதீட்டும் தொழிலும் இந்நகருக்குப் பெயர் தந்தவை. பொன்மலைத் தொடர்வண்டிப் பணிமனையின் வரலாற்றைக் காட்டத் தென்னக இரயில்வேயினர் 2014-இல் தனி அருங்காட்சியகம் அமைத்துள்ளனர். தந்தையும் பாட்டனும் செய்த வேலையைக் குழந்தைக்குக் காட்டும் இடம் எதுவோ, அவ்விடத்திற்குக் குடும்பங்கள் தாமே செல்லும்.

8. காணாமையால் விளையும் இழப்பு

மக்கள் வாராவிடின் இழப்பு யாது? பொருள்கள் பாதுகாப்பாக இருக்கின்றனவே, ஆராய்ச்சியாளர் சிலர் வந்தால் போதாதா என வினவலாம். கூட்டம் மிகின் தூசும் ஈரமும் பொருளைக் கெடுக்கும் என்பதும் மெய்யே. அதற்கேற்ற காப்பு முறைகள் வேண்டும். ஆயினும் முற்காலத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்ததும் இன்று அரியலூர் மாவட்டத்ததும் ஆகிய சிறீபுரந்தான் என்னும் ஊரின் வரலாறு இதற்கு வேறு விடை தருகின்றது.

அவ்வூர்ச் சிவன்கோயிலில் சோழர்காலத்து நடராசர் திருமேனி இருந்தது. வழிபாடு அருகி, மக்கள் செல்லாது கோயில் பூட்டிக்கிடந்தது. 2006-ஐ ஒட்டி ஆங்கிருந்த திருமேனிகள் களவாடப்பட்டன. எஞ்சியவற்றைப் பாதுகாப்பிடத்திற்கு எடுத்துச்செல்ல அலுவலர் 2008-இல் கதவைத் திறந்தபோதுதான் களவு வெளிப்பட்டது. அதற்குள் நடராசர் கடல்கடந்து, அவ்வாண்டே ஆத்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடத்தாரால் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கப்பட்டார். 2014-இல் அத்திருமேனி இந்தியாவிற்குத் திரும்பியது. அது சிறீபுரந்தானுக்குரியதே என நிலைநாட்ட உதவியவை, புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்னர் எடுத்து வைத்திருந்த நிழற்படங்களாம்.

பூட்டு அத்திருமேனியைக் காக்கவில்லை. என்றோ ஒரு நாள் யாரோ கண்டு, படமெடுத்து, குறித்து வைத்தமையே அதனை மீட்டது. மக்கள் கண்கள் தொடர்ந்து பார்க்கும் பொருள் மறைந்தால் அன்றே தெரியும்; பாராத பொருளின் மறைவு ஈராண்டு கழிந்தும் தெரியாது. ஆதலின் பொதுமக்கள் வருகை அருங்காட்சியகத்திற்கு அணி மட்டும் அன்று, காவலும் ஆகும்.

9. தமிழ்த்துறையினர் கடமை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் கடமைகள் சிலவே. முதலாவது, திருச்சிராப்பள்ளியிலுள்ள கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் ஒவ்வொன்றும் ஆண்டிற்குச் சில பொருள்களை ஏற்று, இலக்கியச் சான்றுடன் எளிய தமிழில் விளக்கக்குறிப்பு எழுதி அருங்காட்சியகத்திற்கு அளிக்கலாம். இரண்டாவது, முதுகலை மாணவர் விடுமுறை நாள்களில் முறைவைத்துக் கூடத்தில் நின்று, வருவோர் வினாக்களுக்கு விடை கூறலாம். விடை தெரியாத வினாக்களைக் குறித்துவந்தால் அவை நல்ல ஆய்வுத்தலைப்புகளாகும். மூன்றாவது, திருவரங்கம் கோயிற் காட்சிக்கூடத்திலுள்ள நாயக்கர்காலத் தந்தச் சிற்பங்களையும், அந்நாயக்கர் கொலுவீற்றிருந்த மங்கம்மாள் மாளிகையையும் ஒரே நாளில் காண வழிகாட்டும் சிறுநூல் ஒன்று வேண்டும். தந்தத்தில் கண்ட அரசர் அமர்ந்த மண்டபம் இது என்று அறிந்து நிற்பவர்க்கு, அம்மண்டபத்து வளைவுகள் வெறுங்கட்டிடமாகத் தோன்றா.

இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஆசிரியர் தம் அறையை விட்டு வெளியே வருதல் வேண்டும். ஏட்டுச்சுவடியைத் தேடி ஊர்தோறும் அலைந்த முன்னோரின் வழிவந்தோர் நாம். பெரிய கடைவீதியின் அருகே கல்லிலும் செம்பிலும் எழுதப்பட்டு நிற்கும் சுவடிகளைப் பிறர்க்குப் படித்துக்காட்டுதல் அப்பணியின் தொடர்ச்சியேயாம்.

திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் நின்ற ஓவியங்கள் இன்று இல்லை. அவற்றின்முன் ஒருவர் வினவியதும் மற்றொருவர் விளக்கியதும் நப்பண்ணனார் பாட்டில் உள்ளன. மங்கம்மாள் மாளிகையில் பொருள்கள் உள்ளன. வாயிற்புறத்தே வினவுதற்குரிய மக்களும் உளர். விளக்குவோர் இடம் மட்டும் நிரப்பப்படவேண்டியுள்ளது.